கொன்றால்தான் அனுபவமா?

'சமையலில் அனுபவம் உள்ளவர்', 'லாரி ஓட்டுவதில் இருபது வருஷ அனுபவம்' என்றெல்லாம் தமிழில் சொல்வதுண்டு. ஒருவர் எத்தனை பேரை வெட்டினார் என்று கூட்டிக் கழித்து, அந்தத் தொகைக்கு 'அனுபவம்' என்று பெயர் வைக்கும் வழக்கம் காவல் நிலையத்து ரவுடிப் பதிவேட்டில்கூடக் கிடையாது. அப்படி ஒரு வழக்கம் உள்ள இடம் ஒன்று உண்டென்றால், அது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மாதிரியான மாயாஜாலக் கதை ஆட்டங்கள் நடக்கும் மேஜைதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974-ல் வெளியிட்ட ஆட்டம் இது. நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: வீரன், மந்திரவாதி, திருடன், வைத்தியம் பார்க்கும் பூசாரி. "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் அவனோடு பேசிப் பார்க்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும். கேட்கும்போதே நன்றாக இருக்கிறது அல்லவா? சின்ன வயதில் திண்ணையில் ராஜா ராணி ஆடிய யாருக்கும் இது உடனே பிடித்துப்போகும்.

இந்த அழகான ஆட்டத்தைக் கெடுப்பவை இரண்டு விதிகள். ஒன்று, அனுபவப் புள்ளி. இன்னொன்று, சண்டையில் யார் முதலில், யார் அடுத்து என்ற முறை வரிசை. ஆட்டக்காரர்களில் பலர் இந்த இரண்டையும் ஏதோ வேதவாக்கு மாதிரிப் பார்க்கிறார்கள். கேட்டால், "புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது" என்ற ஒரே பதில். அந்தப் புத்தகத்தையே கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

24 கோப்ளின் கணக்கு

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, முதல் லெவலில் இருக்கும் ஒருவர் இரண்டாம் லெவலுக்குப் போக 300 அனுபவப் புள்ளி வேண்டும். கோப்ளின் என்கிற குட்டிப் பூதம் ஒன்றுக்கு 50 புள்ளி. அதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நான்கு பேர் ஆடினால் மொத்தம் 1,200 புள்ளி தேவை. அதாவது 24 கோப்ளின்கள்.

24 கோப்ளின்களைத் தீர்த்துக்கட்டியதும் வீரனுக்கு வாள் வீச்சு கூடுகிறது. சரி, அது நியாயம். ஆனால் மந்திரவாதிக்குப் புது மந்திரம் வருகிறது. பூசாரிக்குத் தெய்வ அருள் கூடுகிறது. இப்படியே லெவல் ஏற ஏறத் திருடனுக்குப் பூட்டுத் திறக்கும் வித்தையும் மேம்படுகிறது. கோப்ளினைக் குத்தினால் பூட்டுத் திறக்க வருமா? பேட்டை சாவிக்கடைக்காரரிடம் கேட்டால் சிரிப்பார்.

அதைவிட மோசம், இந்த விதி ஆட்டக்காரர் மனத்தில் செய்யும் வேலை. வழியில் ஒரு கோப்ளின் எதிர்ப்படுகிறது. அதற்குப் பசி. ஒரு ரொட்டியைக் கொடுத்தால் போய்விடும், வழியும் சொல்லும். மேஜையில் ஒருவர் ரொட்டியை நீட்டலாம் என்கிறார். அடுத்தவர் உடனே, "டேய், அது அம்பது புள்ளிடா!" என்கிறார். ரொட்டி பையிலேயே இருக்கிறது. கோப்ளின் செத்துப்போகிறது. ரொட்டி கொடுக்கலாம் என்றவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார்.

"வெல்ல வேண்டும் என்றுதான் விதி, கொல்ல வேண்டும் என்று இல்லை, ஏமாற்றியோ பேசியோ கடந்தாலும் புள்ளி கொடுக்கலாம்" என்று வாதாடுபவர்கள் உண்டு. உண்மைதான், அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பூதத்தின் குறிப்பிலும் புள்ளி எண்ணாக அச்சாகியிருக்கிறது. சமாதானத்துக்கு எத்தனை என்பது நடத்துபவர் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது. அச்சில் இருக்கும் 50-க்கும், "பார்த்து ஏதாவது போட்டுக் கொடுங்க" என்பதற்கும் போட்டி வைத்தால் எது ஜெயிக்கும்?

ஆரம்பத்திலேயே இப்படியா?

இல்லை. இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். பழைய பதிப்புகளில் புள்ளியின் பெரும்பகுதி தங்கத்திலிருந்து வந்தது. ஒரு பொற்காசைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டு வந்தால் ஒரு புள்ளி. டாம் மோல்ட்வே தொகுத்த 1981 பதிப்பில் ஒரு கோப்ளினுக்கு வெறும் 5 புள்ளிதான். 100 காசு உள்ள ஒரு பையை ஓசைப்படாமல் எடுத்து வந்தால் அது 20 கோப்ளின்களுக்குச் சமம்! அதனால் அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் சண்டை என்றால் ஒதுங்கிப் போனார்கள். பின்பக்கமாக நுழைந்தார்கள், லஞ்சம் கொடுத்தார்கள், ஓடினார்கள். புத்திசாலித்தனத்துக்கு வேலை இருந்தது.

1989-ல் வந்த இரண்டாம் பதிப்பு, தங்கத்துக்குப் புள்ளி என்பதை 'வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்' என்ற நிலைக்குத் தள்ளியது. 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில் எதிரியின் பலத்தை வைத்துப் புள்ளி போடும் அட்டவணைதான் மையம். இன்று கணினியில் ஆடும் பல ஆட்டங்கள் இதே கணக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பழைய விதி ஆட்டக்காரர்களைத் திருடர்களாக்கியது, புதிய விதி கசாப்புக்காரர்களாக்கியது. ஆக, எதற்குக் கூலியோ அந்த வேலைதான் நடக்கும். மேஸ்திரிக்குத் தெரிந்த இந்த உண்மை ஆட்ட விதி எழுதுபவர்களுக்குத் தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

தாயத்திலும் வெட்டு இருக்கிறதே!

இந்த இடத்தில் ஒருவர் கை தூக்குவார். "நம் தாயக்கட்டத்தில் மட்டும் என்ன வாழுகிறதாம்? எதிரி காயில் ஒன்றையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் போக முடியாதே!"

நல்ல கேள்வி. பல வீடுகளில் விதி அப்படித்தான். ஆனால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். தாயத்தில் வெட்டு என்பது நுழைவுச் சீட்டு. ஒரு வெட்டு கிடைத்தால் கதவு திறந்துவிடும். பத்து வெட்டு வெட்டியவருக்குக் கதவு பத்து மடங்கு அகலமாகத் திறப்பதில்லை. அதற்குப் பிறகு எல்லாக் காயையும் பழமாக்குவதுதான் வேலை. வெட்டிக்கொண்டே திரிபவர் தோற்றுப்போவார். இன்னொன்று, வெட்டுப்பட்ட காய் சாவதில்லை. வீட்டுக்குப் போகிறது, தாயம் விழுந்தால் திரும்பவும் கிளம்பி வருகிறது. வந்து, வெட்டியவனையே வெட்டுகிறது. திண்ணையில் தாயம் ஆடிய பாட்டிகள் வெட்டை ஆட்டத்தின் ருசியாக வைத்தார்கள், சம்பளமாக வைக்கவில்லை. வித்தியாசம் அங்கேதான்.

தோற்றவனுக்குப் புள்ளி

சரி, வேறு எதற்குத்தான் புள்ளி கொடுப்பது? வழிகள் எப்போதோ வந்துவிட்டன. 1978-ல் வெளியான ரூன்குவெஸ்ட் ஆட்டத்தில் பொதுப் புள்ளியே கிடையாது. எந்தத் திறமையைப் பயன்படுத்தி ஜெயித்தாரோ, அந்தத் திறமைக்குப் பக்கத்தில் ஒரு குறி. சாகசம் முடிந்ததும் நூறு வரை வரும் பகடையை உருட்ட வேண்டும். தற்போதைய திறமையைவிட அதிகமாக விழுந்தால் திறமை கூடும். 30 சதவீதம் தெரிந்தவர் சுலபமாக முன்னேறுவார். 90 சதவீதம் தெரிந்தவர் திண்டாடுவார். நீச்சல், தட்டச்சு, வீணை, எதைக் கற்றவரும் ஒப்புக்கொள்ளும் விதி இது.

2012-ல் வந்த டன்ஜன் வேர்ல்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. பகடையில் 6 அல்லது அதற்குக் கீழே விழுந்து முயற்சி தோற்றால் ஒரு புள்ளி. ஆமாம், தோற்றால்!

"தோற்றவனுக்குப் பரிசா?" என்று சிரிப்பவர்கள் திருவண்ணாமலைக்கு ஒரு முறை வந்து போகலாம். இந்த ஊரின் தலபுராணமே அதுதானே? 'யார் பெரியவர்' என்று பிரம்மாவுக்கும் விஷ்ணுவுக்கும் போட்டி. நெருப்புத் தூணாக நின்ற சிவனின் முடியைத் தேடி ஒருவர் அன்னமாகப் பறந்தார், அடியைத் தேடி இன்னொருவர் பன்றியாகப் பூமியைக் குடைந்தார். இரண்டு பேருமே தோற்றார்கள். விஷ்ணு திரும்பி வந்து "முடியவில்லை" என்றார். பிரம்மா தாழம்பூவைப் பொய்ச் சாட்சி சொல்ல வைத்து "பார்த்துவிட்டேன்" என்றார். பிரம்மாவுக்குக் கோயில் இல்லாமல் போனது, தாழம்பூ பூஜைக்கு ஆகாமல் போனது. இந்தக் கதையை இன்றைய மேஜையில் ஆடினால் என்ன ஆகும்? யாரும் யாரையும் கொல்லவில்லை, எனவே இருவருக்கும் பூஜ்யம்! அல்லது, "முடியைப் பார்த்துவிட்டேன்" என்று சாதித்தவருக்கு லெவல் ஏறும். முயன்று தோற்று அதை ஒப்புக்கொள்வதில்தான் அனுபவம் இருக்கிறது என்பதை ஒரு ஊர் கோபுரம் கட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

புள்ளிக் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. கதையில் ஒரு முக்கியமான கட்டத்தை அடைந்ததும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் லெவல் ஏற்றிவிடலாம். ஐந்தாம் பதிப்பே இதை அனுமதிக்கிறது. கிரிவலம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 கிலோமீட்டர், வழியில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு. வேகமாக நடந்தவருக்கும் பாட்டியின் கையைப் பிடித்து மெதுவாக வந்தவருக்கும் அக்னி லிங்கம் அக்னி லிங்கம்தான். வழியில் யாரை முந்தினோம் என்று அங்கே கணக்கு எழுதுவதில்லை.

முறை எப்போது வரும்?

இனி இரண்டாவது விதி. சண்டை ஆரம்பித்ததும் ஒவ்வொருவரும் 20 முகப் பகடையை உருட்டிச் சுறுசுறுப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதிகம் விழுந்தவர் முதலில், பிறகு அடுத்தவர் என்று வரிசை. அந்த வரிசை சண்டை முடியும்வரை மாறாது.

ஐந்து பேர் ஆடுகிறார்கள், எதிரே ஆறு பூதங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஒரு சுற்றுக்கு 22 நிமிடம். ஒருவர் 2 நிமிடம் ஆடிவிட்டு 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். பகடையில் குறி தவறினால் அந்த 2 நிமிடமும் வீண். கதைக்குள் இந்த ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் எவ்வளவு தெரியுமா? 6 நொடி! ரேஷன் கடை வரிசைகூட இதைவிட வேகமாக நகரும்.

காத்திருக்கும் 20 நிமிடத்தில் என்ன நடக்கும்? கை தானாக மொபைலுக்குப் போகும். "என் முறை வந்தா சொல்லு மச்சி." கூச்ச சுபாவம் உள்ளவர், முதல் தடவை ஆட வந்தவர், விதிகளை மனப்பாடம் செய்யாதவர், இவர்கள்தான் முதலில் காணாமல் போவார்கள். கடைசியில் விதிப்புத்தகம் கரைத்துக் குடித்த இரண்டு பேர் ஆட, மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கல்லூரி, வேலை, பஸ் நேரம் எல்லாம் போக மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும் நண்பர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் சும்மா கிடைப்பதில்லை.

இதற்கு மருந்து தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் இருக்கிறது. சடுகுடு! பாடிப் போகிறவருக்கு மூச்சு இருக்கும் வரைதான் முறை. போட்டிக் கபடியில் அதற்கு 30 நொடி. "கொஞ்சம் இருங்க, யோசிக்கிறேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு பக்கம் போனால் அடுத்து மறுபக்கம். பாடுபவர் ஒருவர்தான், ஆனால் மற்றவர்கள் யாரும் சும்மா நிற்பதில்லை. எதிரணியில் ஒருவரை வெளியேற்றினால், வெளியே உட்கார்ந்திருக்கும் தன் அணிக்காரர் ஒருவர் உள்ளே வருகிறார். ஒருவரின் ஆட்டம் இன்னொருவருக்கு உயிர் கொடுக்கிறது. முறை வரிசை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்?

ஆட்டம் எழுதுபவர்களிலும் சிலர் இதைப் புரிந்துகொண்டார்கள். 1975-லேயே டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ் ஆட்டத்தில் கென் செயின்ட் ஆண்ட்ரே இரு தரப்பையும் ஒரே நேரத்தில் பகடை உருட்ட வைத்தார். கூட்டிப் பார்த்து, குறைந்த தரப்புக்கு அடி. 2012-ல் வந்த மார்வெல் ஹீரோயிக் ஆட்டத்தில், ஆடி முடித்தவரே அடுத்து யார் என்று கை காட்டுவார். யாரும் மொபைலைப் பார்க்க முடியாது, அடுத்த விரல் தன்னை நோக்கி நீளலாம்!

"இதெல்லாம் வெறும் விளையாட்டு, இதற்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்கலாம். விளையாட்டு என்பதால்தான். பரீட்சையில் மார்க்குக்காகப் படிக்கிறார்கள், வேலையில் சம்பளத்துக்காக உழைக்கிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தாமல் கூடுகிற இடம் ஒன்றே ஒன்று இருக்கிறது. அங்கேயும் தலைக்கு இத்தனை என்று கூலி பேசி, பேச வந்தவரை 20 நிமிடம் வாயடைத்து உட்கார வைத்தால், பிறகு எதற்கு அந்த மேஜை?

எனவே ஆட்டம் நடத்துபவர்கள் மூன்று காரியம் செய்தால் போதும். பூதத்தின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணைப் பேனாவால் அடித்துவிடுங்கள். தோற்ற முயற்சிக்கும் எட்டிய கட்டத்துக்கும் புள்ளி கொடுங்கள். ஒவ்வொருவர் முறைக்கும் 30 நொடி வையுங்கள், அதற்குள் சொல்லாவிட்டால் அடுத்தவர். புத்தகம் கோபித்துக்கொள்ளாது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தயங்கி உட்கார்ந்திருக்கும் அந்த ஒருவர், அடுத்த ஞாயிறும் வருவார்.