பத்த வைக்கிறது பத்து நிமிஷம்

போன மாசம் தக்காளி ஏத்திக்கிட்டு பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போகும்போது, வண்டிப்பாதையில நீட்டிக்கிட்டிருந்த கல்லு ஒண்ணு எங்க பழைய ஆம்னி வேனோட அடியில இடிச்சிடுச்சு. மார்க்கெட்ல பெட்டி இறக்கின பிறகுதான் கவனிச்சேன். வந்த வழியெல்லாம் கோடு போட்ட மாதிரி எண்ணெய். கியர்பாக்ஸ் ஹவுசிங்கின் அடிப்பக்கம் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

முதலில் காட்டின ஒர்க்‌ஷாப்பில், "அலுமினியம்ங்க, ஒட்டாது. ஹவுசிங்கை மாத்திடுங்க" என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு இன்னும் பத்து நடை தக்காளி ஏத்தணும். சரி, செலவைக் குறைப்போம் என்று கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறைக்குப் போனேன். அவர் ராடு வெச்சு இழுத்துப் பார்த்தார். விரல் நீள விரிசல் ஒரு சாண் ஆனதுதான் மிச்சம்.

கடைசியில் தர்மபுரியில் ஒரு ஆர்கான் வெல்டிங் பட்டறை. வயசான மனுஷர். மூவாயிரம் கேட்டார். "பத்து நிமிஷ வேலைக்கு மூவாயிரமாண்ணா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பத்த வைக்கிறது பத்து நிமிஷம்தான் தம்பி. அதுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு உக்காந்து பாரு. பார்த்துட்டு நீயே ஒரு விலை சொல்லு."

உக்காந்தேன். மதியச் சாப்பாடு தாண்டியும் உக்காந்திருந்தேன்.

முதல் வேலை கழுவுறது. வார்ப்பு அலுமினியத்துல கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. வருஷக்கணக்கா கியர் எண்ணெயைக் குடிச்சுக் குடிச்சு ஊறியிருக்கும். மீன் குழம்பு வெச்ச மண்சட்டி மாதிரிதான், மேலே தேய்ச்சா வாசம் போகாது. அப்படியே பத்த வெச்சா உள்ளேயிருக்கிற எண்ணெய் கொதிச்சு மேலே வந்து, ஒட்டின இடமெல்லாம் ஓட்டையாகிடும். அதனால கழுவி, சூடு காட்டி, கசிஞ்சு வர்ற எண்ணெயைத் துடைச்சு, மறுபடி கழுவி, இப்படி மூணு தடவை.

அப்புறம் விரிசலின் இரண்டு முனையிலும் சின்னதா துளை போட்டார். அது இல்லாட்டி, சூடு பட்டதும் விரிசல் இன்னும் ஓடும். (என் கதை அதுதானே!) விரிசல் நெடுக வி வடிவத்துல பள்ளம் எடுத்தார். பழைய பட்டறைக்காரர் இழுத்த கசடு முழுக்கச் சுரண்டி எடுக்கவே ஒரு மணி நேரம். அலுமினியத்துக்குன்னே தனியா வெச்சிருக்கிற ஒயர் பிரஷ்ஷால தேய்ச்சார். இரும்பைத் தேய்ச்ச பிரஷ் இதில் படக்கூடாதாம்.

ஏன் இவ்வளவு என்றால், அலுமினியத்தின் மேலே எப்பவும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கு. பால்மேல ஏடு மாதிரி. உள்ளே இருக்கிற அலுமினியம் 660 டிகிரியில் உருகிடும். மேலே இருக்கிற ஏடு உருக 2000 டிகிரிக்கு மேல வேணும். ஏட்டை உடைக்காம சூடு ஏத்தினா, உள்ளே உருகி, மேலே ஒட்டாமலே நிக்கும். இதற்குத்தான் ஏசி கரண்டில் வைக்கிறார்கள். கரண்ட் திசை மாறும்போது ஒரு பாதியில் ஏடு உடைகிறது, மறு பாதியில் உலோகம் நன்றாக உருகுகிறது. காற்றுப் பட்டு மறுபடி ஏடு பிடிக்காமல் ஆர்கான் காவல் காக்கிறது.

இன்னொரு சிக்கல், இரும்பு சூடானா சிவந்து எச்சரிக்கை கொடுக்கும். அலுமினியம் நிறமே மாறாது. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே பொத்துன்னு கரைஞ்சு விழுந்துடும். முன்சூடு போதுமான்னு தெரிஞ்சுக்க, தோசைக்கல்லுல தெளிக்கிற மாதிரி அவர் தண்ணி தெளிச்சுப் பார்த்தார். சுர்ருன்னு ஆவியானதும், சிலிக்கான் கலந்த கம்பியை எடுத்தார். ஹவுசிங்கைக் கனமான தகட்டோட போல்ட் போட்டு இறுக்கியிருந்தார், கோணிக்கக்கூடாதுன்னு. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம்னு விட்டு விட்டு வெச்சார். கணக்குப் பார்த்தா நிஜமாவே பத்து நிமிஷம்தான்.

நான் விலை சொல்லவில்லை. மூவாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன்.

நான் இருக்கும்போதே இன்னொருத்தர் ஒரு கார் ஹவுசிங் கொண்டுவந்தார். விரிசல் பேரிங் உக்கார்ற இடம் வழியா போயிருந்தது. அண்ணன் தொடவே இல்லை. "இங்க சூடு வெச்சா பேரிங் துவாரம் கோணிக்கும். மறுபடி துல்லியமா கடைஞ்சாத்தான் ஆச்சு, அதுக்கான மிஷின் எங்கிட்ட இல்ல. இதை மாத்துறதுதான் உனக்கு நல்லது" என்று அனுப்பிவிட்டார். வந்த காசை வேண்டாம்னு சொன்னார். எல்லாத்தையும் ஒட்டலாம் என்கிறவரையும் நம்பாதீங்க, எதுவும் ஒட்டாது என்கிறவரையும் நம்பாதீங்க. எது ஒட்டும், எது ஒட்டாதுன்னு பிரிச்சுச் சொல்ற அந்த அறிவுக்குத்தான் நாம கூலி கொடுக்கணும்.

ஆனா நாம என்ன செய்யறோம்? புது பாகத்துக்கு பில் போட்டா வாயைத் திறக்காம கட்டறோம். கூலின்னு வந்தா பேரம். நகரத்துல இருக்கிற உங்களை மட்டும் சொல்லலை, என்னையும் சேர்த்துத்தான்.

பக்கத்து மேட்டூரில் 2008 வரைக்கும் மால்கோ அலுமினிய உருக்காலை ஓடியது. ஏற்காட்டு மலையில் பாக்சைட் வெட்டினார்கள். தாதுவிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரிக்க சுமார் 14 யூனிட் மின்சாரம் வேணும். எட்டு கிலோ என்றால், 100 யூனிட்டையும் தாண்டும். காயலான் கடைக்குப் போனா வீணாகாது, உண்மைதான். மறுபடி உருக்க அதில் இருபதில் ஒரு பங்கு மின்சாரம் போதும். ஆனா ஒரு சாண் விரிசலுக்காக முழுசையும் உருக்கணுமா?

2022-ல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகளும் வாகனங்களும் அதில் உண்டு. நல்லது. உரிமை கைக்கு வரும்போது பழுது பார்க்கத் தெரிஞ்ச கை இருக்கணுமே? அண்ணனோட பையன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கான். "இந்தப் புகைக்குள்ள அவனை எதுக்கு இழுக்கணும்? கேட்கிற காசுக்கும் பேரம் பேசறாங்க" என்றார். பேரம் பேசினவன் எதிரில் உக்காந்திருக்கேன். என்ன பதில் சொல்றது?

இன்னிக்குக் காலையிலும் வேனுக்கு அடியில் போட்டிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. உங்க வண்டிக்கு யாராவது "மாத்திடுங்க" என்று சொன்னால், பழைய பாகத்தைக் கையில் வாங்கிக்கிட்டு, பக்கத்தில் ஆர்கான் பட்டறை எங்கேன்னு ஒரு தடவை விசாரிங்க. ஒட்டும்னு அவர் சொன்னா, கேட்கிறதைக் கொடுத்துடுங்க.