சேற்றுக் கரையிற் காத்திருத்தலின் பயன்

ஒரு பொருளைத் தேடிச் சென்று, அதனைக் காணாது மீள்வோனை உலகம் வெறுங்கையன் என்று இகழும். பறவை நோக்கும் முயற்சிக்கு இவ்விகழ்ச்சி பொருந்தாது என்பதும், ‘காணப்படவில்லை’ என உண்மையாய் எழுதப்பட்ட குறிப்பும் அறிவின் ஒரு பகுதியே என்பதும் எமது கருத்து. கரண்டிமூக்கு உள்ளான் என்னும் சிறு பறவையின் வரலாற்றைக் கொண்டு இதனை ஈண்டு விளக்குவோம்.

இப்பறவை ஊர்க்குருவியின் அளவினதே. நிறை ஏறத்தாழ 30 கிராம். அலகின் நுனி கரண்டிபோல் அகன்றிருக்கும். முட்டையினின்று அப்பொழுதே வெளிவந்த குஞ்சுக்கும் அவ்வடிவம் அமைந்திருத்தல் வியப்பன்றோ! ருஷியாவின் வடகிழக்குக் கோடியிலுள்ள சுக்கோத்கா முதலிய கடற்கரைகளில் கோடையிற் குஞ்சு பொரித்து, மஞ்சட் கடலோரத்தில் இரைதேடி இளைப்பாறி, ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் பறந்து, மியன்மார், வங்காளதேசம், தாய்லாந்து முதலிய நாடுகளின் சேற்றுக் கரைகளிற் குளிர்காலத்தைக் கழிக்கும். நம் கோடிக்கரையிலும் இது காணப்பட்டதாகச் சென்ற நூற்றாண்டின் குறிப்புகள் உண்டு. இன்று உலகில் எஞ்சியிருப்பவை சில நூறே. 2008ஆம் ஆண்டில், அற்றுப்போகும் பேரிடர் மிக நெருங்கிய உயிர்களுள் ஒன்றாக இது வகுக்கப்பெற்றது.

இதனைக் கண்டறிதல் எளிதன்று. குளிர்காலத்தில் இதன் செந்நிறம் நீங்கி, மேலே சாம்பலும் கீழே வெண்மையுமாகக் கொசு உள்ளானைப் போலவே தோன்றும். பக்கவாட்டில் நோக்கின் அலகின் அகலமும் புலப்படாது. நம்மை நோக்கி அது திரும்பும் கணத்திற்காகவோ, அலகை இருபுறமும் அசைத்துச் சேற்றைத் துழாவும் நடையைக் காண்பதற்காகவோ காத்திருத்தல் வேண்டும். ஓதம் ஏறுங்கால் நீர் பறவைகளைக் கரைப்பக்கம் ஒதுக்கும். அப்பொழுது கதிரவனை முதுகிற்கொண்டு நின்று, ஆயிரம் பறவைகளை ஒன்றன்பின் ஒன்றாக நோக்குதல் வேண்டும். எனவே அரிய ஒன்றைத் தேடுவோன் எளிய ஆயிரத்தையும் எண்ணியே தீருவான். இம்முயற்சியின் மெய்ப்பயன் இவ்வெண்ணிக்கையே என்போம்.

‘எண்ணி ஆவதென்னை?’ என வினவுவார் உளர். அவர்க்கு விடையாவது கோட்டான் இனம் ஒன்றன் கதை. ஈண்டுக் கோட்டான் என்றது ஆந்தையை அன்று. உள்ளானுக்கு உறவாகிய, வளைந்த நீண்ட அலகுடைய கரைப்பறவையை. மெல்லிய அலகுடைய அவ்வினம் மொராக்கோ நாட்டு மெர்ஜா செர்கா என்னும் கடற்கழியில் 1995ஆம் ஆண்டு பெப்ருவரியில் இறுதியாகக் காணப்பட்டது. பின்னர்ப் பல நாட்டவரும் தேடினர், கண்டாரில்லை. 2025ஆம் ஆண்டில் அது அற்றுப்போயிற்று என அறிவிக்கப்பட்டது. தேடியோர் ‘காணவில்லை’ என எழுதி வைத்த குறிப்புகளும் அம்முடிவுக்கு ஆதாரமாயின. ஆயின் மிகுதியாய் இருந்த நாளில் அதனை ஒழுங்காய் எண்ணி வந்தாரில்லை. அருகிய பின்னரே தேடத் தொடங்கினர். பிந்திய கணக்கு இழப்பை உரைக்குமேயன்றி, இழந்ததை மீட்டுத் தராது.

காலத்தில் எடுத்த கணக்கு என்ன செய்யும் என்பதற்கு மியன்மார் நாடு சான்று. 2008ஆம் ஆண்டு முதல் மொத்தமா வளைகுடாவின் சேற்றுவெளியில் கரண்டிமூக்கு உள்ளானை எண்ணச் சென்றோர், உணவுக்காகப் பிற பறவைகளைப் பிடிக்க விரித்த வலைகளில் இதுவும் சிக்கி மாள்வதை அறிந்தனர். வலை விரித்தோர் கொடியர் அல்லர், வறியர். அவர்க்கு வேறு பிழைப்புக்கு வழிசெய்தே வலைகளை விடச் செய்தனர். அங்குச் சென்று நின்றாரின்றேல் இக்காரணம் வெளிப்படுமோ?

சேற்று நிலத்தைப் பாழ்நிலம் என்று கருதும் மனப்பான்மையே மற்றொரு பகை. தென் கொரியாவில் சேமங்கம் என்னுமிடத்தில் ஏறத்தாழ 33 கிலோமீட்டர் நீளமுள்ள சுவர் கடலின் குறுக்கே எழுப்பப்பட்டு, 2006ஆம் ஆண்டில் மூடப்பட்டது. இப்பறவைகள் தங்கிச்சென்ற பரந்த சேற்றுவெளி அதனால் அழிந்தது. அதற்கு மாறாகச் சீன நாட்டு மஞ்சட் கடற்கரையின் ஒரு பகுதி, வலசைப் பறவைகளின் புகலிடம் என்னும் சிறப்பினால் 2019ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. எத்துணைப் பறவைகள் எந்நாளில் அங்கு வருகின்றன எனப் பொறுமையோடு எழுதினார் இலரேல், அந்நிலத்துக்காகப் பரிந்து பேச எதனைக் காட்டுவது?

ஆகலின் மாணவர்க்கு யாம் கூறுவது இது. அரிய பறவை ஒன்றைக் கண்டேம் எனப் பெயர்ப்பட்டியலை நீட்டுதற்கு மட்டும் கரைக்குச் செல்லற்க. படம் எடுக்கும் ஆவலால் இரைதேடும் கூட்டத்தை எழுப்பற்க. நெடும்பயணத்துக்கு வேண்டும் கொழுப்பை அப்பறவை அச்சேற்றிலேதான் சேர்க்கின்றது. நாள், நேரம், ஓதத்தின் நிலை, ஒவ்வோர் இனத்தின் தொகை ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். ஐயமுற்றதை ஐயம் என்றே எழுதுக. தேடியது இல்லையெனின் நாணாது சுழியம் இடுக. கோடிக்கரையும் பழவேற்காடும் நமக்கு அணித்தே உள்ளன. ஆண்டுதோறும் தவறாது சென்று எண்ணுவோர் சிலர் போதும். கரண்டிமூக்கு உள்ளான் மீண்டும் வரின் அதனை அறிந்து வரவேற்போரும், வாராதொழியின் அதனை உலகுக்கு உண்மையாய் உரைப்போரும் அவர்களே ஆவர்.