ஓட்டுநருக்கும் ஓய்வு உண்டு



நம் பங்குகளில் புது வண்டி வாங்கியவர் முதலில் வரும் இடம் கோவில் வாசல். வண்டியை நிறுத்தி, மாலை சாற்றி, "சாமி, மந்திரித்துத் தாருங்கள்" என்கிறார். உள்ளே வேளாங்கண்ணி அன்னையின் படம் இருக்கிறது. சிலர் பயணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் சிறு சுரூபத்தையும் வைக்கின்றனர். இது நல்ல பழக்கமே. ஆயினும் வண்டியை மந்திரிக்கும் நாம், அதை ஓட்டுகிறவர் நேற்றிரவு உறங்கினாரா என்று கேட்பதுண்டா? இம்மாதம் அதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் லாரிகளால் வாழும் ஊர்கள். திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இவ்விரு ஊர்களின் வழியாகவே செல்கிறது. 1936-இல் இராஜபாளையத்தில் முதல் நூற்பாலை எழுந்த காலந்தொட்டு, வெளி மாநிலங்களிலிருந்து பஞ்சுப் பொதிகள் வருவதும், நூல் சிப்பங்கள் வெளியூர் செல்வதும் நின்றதில்லை. சத்திரப்பட்டியின் மருத்துவக் கட்டுத்துணி, சிமெண்டு, காய்கறி, வைக்கோல் என்று எத்தனையோ சரக்குகள் இச்சாலையில் செல்கின்றன. கேரளம் செல்லும் வண்டிகள் தென்காசி, செங்கோட்டை கடந்து, புளியரைச் சோதனைச் சாவடியில் நின்று, ஆரியங்காவுக் கணவாயில் ஏறுகின்றன. நள்ளிரவில் நாம் புரண்டு படுக்கையில் காதில் விழும் ஓசை, யாரோ ஒருவர் விழித்திருந்து செய்யும் உழைப்பின் ஓசையாகும்.

அவ்வுழைப்புக்குச் சட்டம் ஓர் எல்லை வகுத்திருக்கிறது. இதைப் பலர் அறியார். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. நெடுந்தூரப் பயணத்துக்கும் திருவிழாக் காலங்களுக்கும் அதிகாரியின் ஒப்புதலோடு நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை அனுமதித்தது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. இடையே அரை மணியேனும் ஓய்வு வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள், பொதுவாக, இடைவிடாத 9 மணி ஓய்வு தரப்பட வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் 91-ஆம் பிரிவில், போக்குவரத்து வாகனத்தை இயக்க அமர்த்தப்படும் எவருக்கும் இதே நேரக் கணக்கைப் பொருத்தியது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் வேறு பல தொழிலாளர் சட்டங்களோடு 2020-ஆம் ஆண்டின் தொகுப்பில் அடக்கப்பட்டது. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. எட்டு மணி என்னும் அளவு அதிலும் இருக்கிறது.

சட்டம் இவ்வாறிருக்க, நடைமுறையைப் பாருங்கள். இராஜபாளையத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 550 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய லாரி சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடுகிறது என்று கொண்டால், சக்கரம் சுழலும் நேரம் மட்டுமே 14 மணிக்கு நெருங்கும். ஒருவரே ஓட்டினால் இது இரண்டு நாள் பயணம். ஒரே மூச்சில் செல்வதானால் இரண்டு ஓட்டுநர் வேண்டும். ஆனால் "காலையில் சரக்கு இறங்க வேண்டும்" என்ற சொல்லோடு ஒருவரே அனுப்பப்படுகிறார். முன்பெல்லாம் உடன் சென்ற கிளீனரும் இன்று பல வண்டிகளில் இல்லை.

இது ஏன் நேர்கிறது? காரணங்கள் மூன்று.

முதலாவது, கூலி முறை. பெரும்பாலான ஓட்டுநர்களுக்கு நடைக்கு இவ்வளவு என்றே ஊதியமும் படியும் கணக்கிடப்படுகின்றன. உறங்கும் மணிக்குக் காசு இல்லை. மாதத்தில் ஒரு நடை கூடினால் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கிடைக்கும். ஒரு நடை குறைந்தால் கடன் வளரும். ஆகவே யாரும் வற்புறுத்தாமலே அவர் தம்மைத் தாமே வருத்திக்கொள்கிறார்.

இரண்டாவது, காத்திருப்பு. பாரம் ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. வண்டி முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் பொழுதில் 15 நிமிடத்துக்குக் குறைந்ததைப் பழைய சட்டம் வேலை நேரத்தில் சேர்த்துக்கொண்டது. ஆறு மணி, எட்டு மணி காத்திருப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பகலெல்லாம் வெயிலில் வரிசையில் நின்றவர், மாலையில் பாரம் ஏறியவுடன் இரவுப் பயணத்தைத் தொடங்குகிறார். ஏட்டில் அவர் அப்பொழுதுதான் வேலையைத் தொடங்குகிறார். உடலோ காலை முதல் விழித்திருக்கிறது.

மூன்றாவது, சட்டத்தின் பிடி தளர்ந்திருப்பது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து தொழிலாளர் உள்ள நிறுவனத்தையே தொட்டது. புதிய தொகுப்போ பத்துத் தொழிலாளர் உள்ள நிறுவனத்தையே தொடுகிறது. நம் நாட்டு லாரிகளில் பல, ஒரு வண்டி இரு வண்டி வைத்திருக்கும் சிறு உரிமையாளர்களுடையவை. அவர்களும் தவணைக் கடனில் தவிப்பவர்களே. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஓட்டுநர்களின் வேலை நேர விதிகள் மெய்யாகவே செயல்பட வழி காணும்படியும், அதற்கென மாநிலங்களோடு கலந்து பேசும்படியும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கட்டளையிட்டது. 2025 அக்டோபர் முதல் உருவாகும் புது லாரிகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனமும் கட்டாயமாக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் குளிர்ந்த அறை உறக்கத்துக்கு ஈடாகாது.

உறக்கமின்மை என்ன செய்யும் என்பதை அறிவியல் தெளிவாகக் காட்டியிருக்கிறது. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுச்சத்து உள்ளவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று கண்டனர். நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம் மட்டுமே. குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைப் பாவம் என்று கண்டிக்கும் நாம், உறங்காமல் ஓட்டுவதை உழைப்பு என்று பாராட்டுகிறோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரி, கண் மூன்று விநாடி செருகினால் 50 மீட்டர் தூரத்தை ஓட்டுநர் இன்றியே கடந்துவிடுகிறது. அந்த 50 மீட்டருக்குள் பால்காரரின் சைக்கிள் இருக்கலாம். ஆண்டாள் கோயிலுக்கு நடந்து செல்லும் அடியார் கூட்டம் இருக்கலாம். முதல் பூசைக்கு வரும் நம் குடும்பமும் இருக்கலாம்.

பிற நாடுகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிகளின்படி, நான்கரை மணி ஓட்டியவர் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும். வண்டியிலுள்ள கருவி அதைப் பதிவு செய்கிறது. தூரத்தைக் கணக்கிட்டோ சரக்கின் அளவைக் கணக்கிட்டோ தரும் ஊதியம் சாலைப் பாதுகாப்பைக் கெடுக்குமாயின், அத்தகைய ஊதியத்தையே அவ்விதிகள் தடை செய்கின்றன. நோயின் வேர் கூலி முறையில் இருப்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

நம் திருச்சபை இதை வெகு காலத்துக்கு முன்னரே உணர்த்தியது. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ என்னும் சிங்கராயர், 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில், தொழிலாளியின் ஓய்வு அவன் செலவிட்ட வலிமைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்று போதித்தார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான எந்த ஒப்பந்தத்திலும், எழுதப்பட்டாலும் எழுதப்படாவிட்டாலும், போதிய ஓய்வு என்னும் நிபந்தனை அடங்கியிருக்கிறது என்பது அவர் போதனை. ஆகவே "அவர் சம்மதித்துத்தானே போனார்" என்பது நம்மை நியாயப்படுத்தாது. 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலை மேய்ப்புப்பணி வழிகாட்டி, ஓட்டுநர்களுக்குப் பத்துக் கட்டளைகளை வகுத்தபோது, கொலையைத் தடுக்கும் கட்டளையையே முதலில் வைத்தது.

இறைவாக்கினர் எலியாவை எண்ணிப் பாருங்கள். களைத்துச் சூரைச் செடியடியில் விழுந்து கிடந்தவரை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. உடனே நட என்று விரட்டவுமில்லை. அப்பமும் நீரும் தந்து, மறுபடியும் உறங்க விட்டு, பயணம் நெடியது என்று சொல்லி மீண்டும் உண்ணச் செய்தார். அதன் பிறகே ஓரேபு மலையை நோக்கிய நாற்பது நாள் நடை. இறைவன் தம் ஊழியரை அனுப்பும் முறை இது. ஓய்வு நாள் கட்டளையும் வீட்டுத் தலைவனோடு நிற்கவில்லை. வேலையாளையும் எருதையும் சேர்த்தே அது பேசுகிறது.

சென்ற ஆண்டு வீடு மந்திரிக்கச் சென்றபோது, ஓட்டுநர் ஒருவரின் மனைவி சொன்னார்: "சாமி, அவர் வந்ததும் சோறு கேட்பதில்லை, பாயைத்தான் கேட்கிறார். பிள்ளைகள் அப்பா முகத்தைத் தூங்கும்போதுதான் பார்க்கின்றன." இரு கட்டளைகளும் மீறப்படும் இடம் எது என்பதை அப்பெண்மணியின் சொல் காட்டிவிட்டது.

எனவே சில வேண்டுகோள்கள். ஆலைகளிலும் குடோன்களிலும் பொறுப்பில் இருப்போரே, வந்த வண்டிக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். காத்திருப்போருக்கு நிழலும் குடிநீரும் கழிப்பிடமும் படுக்க ஓர் இடமும் தாருங்கள். லாரி உரிமையாளரே, நெடுந்தூர நடைக்கு இரண்டாம் ஓட்டுநரை அமர்த்துங்கள்; இயலாதெனில் சரக்குக்காரரிடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள்; உறங்கிய இரவுக்குப் படியைப் பிடித்தம் செய்யாதீர்கள். வணிகரே, விடியுமுன் சரக்கு வேண்டும் என்று நிர்ப்பந்திக்குமுன், அந்த விடியலுக்கு யாருடைய இரவு செலவாகிறது என்று எண்ணுங்கள். இல்லத்தரசிகளே, கைப்பேசியில் "எப்போது வருவீர்கள்?" என்று கேட்பதற்கு முன், வண்டி நிற்கிறதா என்று கேளுங்கள், ஓடுமாயின் பேச்சை நிறுத்திவிடுங்கள், நின்றால் "தூங்கினீர்களா?" என்று கேளுங்கள். ஓட்டுநர் சகோதரரே, கண் செருகும்போது டீக்கடை ஒரு நாழிகைக்கே உதவும். ஓரமாக நிறுத்தி உறங்குவது கோழைத்தனமன்று. உம் மனைவி மக்களுக்கும் முன்பின் அறியாத பிறருக்கும் நீர் செய்யும் அன்புச் செயல் அது.

நெடுஞ்சாலையை ஒட்டிய பங்குகளுக்கும் ஒரு வார்த்தை. கோவில் வளாகத்தில் இடமிருந்தால், இரவில் ஒரு லாரி நிற்கவும், ஒருவர் முகம் கழுவி மண்டபத் திண்ணையில் படுக்கவும் வாயிலைத் திறந்து வைக்கலாமே. அவர் எந்தச் சமயத்தவர் என்று கேட்க வேண்டாம்.

ஜூலை 25 புனித கிறிஸ்தோபர் திருநாள். அன்று வண்டிகளை மந்திரிக்கக் கொண்டு வருவோர், ஓட்டுநரையும் குடும்பத்தோடு அழைத்து வாருங்கள். அவருக்கு அன்று ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை தாருங்கள். படகின் பின்புறத்தில் தலையணை மேல் உறங்கிய நம் ஆண்டவர், நெடுஞ்சாலையில் உழைக்கும் நம் சகோதரர்களுக்கு அமைதியான உறக்கத்தையும் பத்திரமான வீடு திரும்புதலையும் அருள்வாராக.