மண்டே மட்டன் குழம்பு... சாப்பிடலாமா?

ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பைவிட, மறுநாள் தோசைக்குச் சுண்ட வைத்த குழம்புக்குத்தான் எங்கள் வீட்டில் அடிதடியே நடக்கும். ஆனால், ராத்திரி முழுக்க அடுப்பு மேலேயே இருந்த குழம்பு என்றால் வேண்டாம். 'காலையில நல்லா கொதிக்க வெச்சுட்டேனே' என்பார்கள். கொதித்தால் பாக்டீரியா சாகும்; ஸ்டஃபைலோகாக்கஸ் போன்றவை ஏற்கெனவே கக்கிவைத்த நச்சு போகாது. வாடையோ, ருசியோ காட்டிக்கொடுக்கவும் செய்யாது.

சமைத்த 2 மணி நேரத்துக்குள், கத்திரி வெயில் என்றால் 1 மணி நேரத்துக்குள், குழம்பு ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி குளிர ரொம்ப நேரமாகும். சின்ன டப்பாக்களில் பிரித்து வையுங்கள். 3, 4 நாள்களுக்குள் காலி செய்துவிடுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, தளதளவெனக் கொதிக்கவிட்டுச் சாப்பிடுங்கள். நடுவில் 4 மணி நேரத்துக்கு மேல் கரன்ட் போயிருந்தால்... கறி என்ன விலை என்று பார்க்காமல் கொட்டிவிடுங்கள்!