ரங்கநாதன் தெருவில் ஒரு ‘லைவ்’: யாருங்க இதைப் பார்க்கிறாங்க?

தி.நகர் ரங்கநாதன் தெருவின் மாலைக் கூட்டத்தில் செல்ஃபி ஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தபடி ஒருவர் நடக்கிறார். கடை, பேரம், சாப்பாடு... எல்லாமே லைவ்.

இது புதுசா?
இல்லை. அமெரிக்கக் கல்லூரி மாணவி ஜெனிஃபர் ரிங்லி 1996-லேயே தன் அறையில் வெப்கேம் வைத்தார். 2003 வரை அது ஓடியது. 2007-ல் ஜஸ்டின் கான் தொப்பியில் கேமராவை மாட்டிக்கொண்டு திரிந்தார். அவரது தளத்திலிருந்து வந்ததுதான் ட்விட்ச். 2022-ல் தமிழில் ‘பிக் பாஸ் அல்டிமேட்’ 24 மணி நேர லைவாக ஓடியது.

ஏன் எடுக்கிறார்கள்?
எடிட்டிங் வேலை இல்லை. 50 சந்தாதாரர்கள் இருந்தாலே போனிலிருந்து யூடியூப் லைவ் போகலாம். வருமானத் தகுதி கிடைத்துவிட்டால், சூப்பர் சாட் தொகையில் 70% சேனலுக்கு.

யார் பார்க்கிறார்கள்?
ஊரை விட்டுப் போனவர்கள், நைட் ஷிஃப்ட்காரர்கள், ரூமில் தனியாகச் சாப்பிடுபவர்கள். கமென்ட் போட்டதும் “வாங்க ப்ரோ, சாப்டீங்களா?” என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். டிவி இதைச் செய்யாது. பார்ப்பவர்களுக்குக் கிடைப்பது பேச்சுத்துணை.

சிக்கல் எங்கே?
பதிவு செய்த வீடியோவில் ஒரு முகத்தை மறைக்கலாம். லைவில் அதற்கு நேரமில்லை. எடுப்பவர் இந்த நிமிடம் எங்கே இருக்கிறார், வீடு பூட்டியிருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். தனியாக லைவ் செய்ய 16 வயதாக வேண்டும் என 2025 ஜூலையில் யூடியூப் விதியை மாற்றியது. ஆனால், பின்னால் புடவை எடுக்க வந்து ஃபிரேமில் சிக்கியவரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.