பல்கலைக்கழகம் நற்பண்பைப் போற்றலாமா?

தொண்டிலும் நேர்மையிலும் சிறந்தவர்களுக்கு விருது தருவது பல்கலைக்கழகத்தின் வேலை அல்ல; அறிவை அளக்கலாம், குணத்தை அளக்க முடியாது என்பது ஒரு வாதம். இது பட்டம் வழங்குதல், பாராட்டுதல் என்ற வெவ்வேறு செயல்களை ஒன்றாகக் குழப்புகிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி., கார்னெல், ஸ்டான்போர்டு ஆகியவை கௌரவப் பட்டம் வழங்குவதில்லை. படிக்காதவருக்குப் பட்டம் கூடாது என்ற கொள்கை நியாயமானதே. ஆனால் அது பட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். நியூயார்க் வழக்கறிஞர் அல்ஜெர்னான் சிட்னி சல்லிவன் பெயரில் 1925-இல் தொடங்கிய விருது பட்டம் அல்ல, பதக்கம். அமெரிக்கத் தென்பகுதிக் கல்லூரிகள் பலவற்றில் படிப்பை முடிக்கும் மாணவர்களுக்கும் மாணவரல்லாத தொண்டர்களுக்கும் அது வழங்கப்படுகிறது. இதனால் எந்தப் பட்டத்தின் மதிப்பும் குறைவதில்லை.

குணத்தை எடைபோட முடியாது என்பதும் நிற்காது. தேர்வில் காப்பியடித்தவரையும் பிறர் ஆய்வைத் திருடியவரையும் வெளியேற்றும் நிறுவனம் ஏற்கெனவே நேர்மைக்குத் தீர்ப்பு வழங்குகிறது. பொய்யைத் தண்டிக்கத் தகுதி உண்டு, மெய்யைப் பாராட்டத் தகுதி இல்லை என்பது முரண்.

தேர்வு பிழைபடலாம் என்பது மட்டுமே வலுவான மறுப்பு. ஜிம்பாப்வே பிரதமராக இருந்த ராபர்ட் முகாபேவுக்கு 1984-இல் அளித்த கௌரவப் பட்டத்தை எடின்பரோ பல்கலைக்கழகம் 2007-இல் திரும்பப் பெற்றது. ஆட்சியில் இருப்பவரைப் போற்றுவதன் ஆபத்தையே இது காட்டுகிறது. பதவியையும் நன்கொடையையும் கணக்கில் எடுக்காமல், நீண்டகாலச் செயல்களை அருகிலிருந்து பார்த்தவர்களின் சான்றைக் கேட்டால் பிழை குறையும். நேர்ந்தாலும் திருத்த வழி உண்டு. விருதையே கைவிட அது காரணமாகாது.