கல்யாண வீட்டில் மரக்கன்று கொடுப்பதை நிறுத்துங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று சிரிப்பவர்கள் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

வரும் ஆவணியில் என் தம்பி மகளுக்குக் கல்யாணம். தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு மரக்கன்று, மொத்தம் 500 கன்று கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறார்கள். நான் கூடாது என்றேன். "செடி கொடுப்பதைப் போய் நீங்களே வேண்டாம் என்றால் எப்படி அத்தை?" என்று கல்யாணப் பெண்ணே கேட்டுவிட்டாள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பதில் எழுதி மாளவில்லை. அதனால் இங்கே.

இப்படிப்பட்ட கல்யாணங்களுக்கு நீங்களும் போயிருப்பீர்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் துணிப்பை, பேருந்துக்கு நேரமாகிறது. அந்த அம்மா கன்றை எங்கே வைப்பார்? கை கழுவும் இடத்தில், இல்லையென்றால் மண்டபத்துச் சுவரோரம். மறுநாள் கூட்டுகிறவர் குப்பையோடு வாரிப் போடுகிறார். வீடு வரை போய்ச் சேர்ந்தவையும் கறுப்புப் பையை விட்டு இறங்குவதில்லை. பையிலேயே மாதக்கணக்கில் நின்றால் வேர் வட்டமாகச் சுருண்டுகொள்ளும். பிறகு நட்டாலும் நேராக மண்ணில் இறங்காது.

"பிளாஸ்டிக் டப்பா கொடுப்பதற்கு இது மேல் இல்லையா?" என்று தம்பி கேட்கிறான். இல்லை. டப்பாவில் புளியாவது போட்டு வைக்கலாம். அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், மறந்து போனால் சாகாது. கன்று உயிர். அதைக் கொடுப்பது, வாங்குகிறவரிடம் கேட்காமலே மூன்று வருஷ வேலையை அவர் தலையில் கட்டுவது.

அதுவும் எந்தக் கன்று? புங்கன், வேம்பு. மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர் வேம்பை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? நம்மூரில் காக்கை போட்ட கொட்டையிலேயே வேம்பு முளைக்கிறது. எதற்கு அதற்கு ஒரு மேடை, மைக், போட்டோ? (நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் விருந்தினர் வரும்போதெல்லாம் கன்று நடுவோம். குழி மட்டும் வருஷா வருஷம் அதேதான். இதைப் படிக்கும் மாணவர்களில் சிலர் அந்தக் குழியைத் தோண்டியவர்கள்.)

பூச்செடி கொடுப்பவர்களுக்கும் சொல்கிறேன். வைகாசி முகூர்த்தத்தில், கத்திரி வெயிலில், ஓசூர்ப் பக்கத்து ஒட்டு ரோஜாவைக் கொண்டுவந்து விருதுநகரில் கொடுத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? ஒட்டுக்குக் கீழே வரும் துளிரைக் கிள்ள வேண்டும் என்று யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? புதுமனை புகுவிழாவுக்கு அரளி கொடுத்த புண்ணியவான்களையும் பார்த்திருக்கிறேன். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவையே நிறுத்திவிட்டது. தவழும் பிள்ளையும் ஆடும் இருக்கும் வீட்டுக்கு அதையா கொண்டுபோவது?

நம் பெரியவர்கள் கல்யாணத்துக்குச் செடி வைக்காதவர்களா? அரசாணிக்காலில் கட்டும் கல்யாண முருங்கைக் கிளையைப் பிறகு கொல்லையில் ஊன்றுவார்கள். அது போத்து வைத்தே தழைக்கும் மரம். தழைத்தால் குடும்பம் தழைக்கும் என்று நம்பினார்கள். கவனியுங்கள்: ஒரு கல்யாணம், ஒரு கிளை, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு. பொங்கல் சீரில் வரும் மஞ்சள் கொத்தும் அப்படித்தான். பானையில் கட்டி முடிந்ததும் தூக்கிப் போடாமல், கிழங்கை நிழலில் வைத்திருந்து வைகாசி, ஆனியில் புதைத்தால் முளைக்கும். அடுத்த தைக்குக் கொத்து நம் வீட்டிலேயே இருக்கும். பக்கத்து வீட்டு முல்லை வேண்டுமென்றால் கேட்டு, பதியன் போட்டு, வேர் பிடித்த பிறகுதான் எடுத்துப் போவோம். கேட்டவருக்குத்தான் கொடுத்தார்கள். அதனால்தான் அது பிழைத்தது.

கல்யாணப் பெண்ணுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். 500 வேண்டாம். அழைப்பு வைக்கும்போதே கேளுங்கள்: மண் தரையா, மொட்டை மாடியா, எத்தனை மணி நேரம் வெயில் விழும், தண்ணீர் ஊற்றப் போவது யார்? ஐம்பது வீடு தேறினால் அதிகம். வெயில் இருக்கும் வீட்டுக்குக் குண்டுமல்லி. மதுரை மல்லிக்கே நாற்று ராமநாதபுரம் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்துதான் போகிறது, நமக்கும் அங்கிருந்தே தருவிக்கலாம். ஆவணியில் நட்டால் இரண்டு மாதம் குடம் தூக்கினால் போதும், ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். செடி வளர்ந்த பிறகு, கார்த்திகைக் கடைசியில் முழங்கால் உயரம் விட்டுக் கவாத்து செய்ய வேண்டும். பங்குனியில் மொட்டு எடுக்கும். இதை ஒரு சின்னச் சீட்டில் அச்சடித்துச் செடியோடு கட்டிக் கொடுங்கள். வெயில் குறைவான பால்கனிக்கு மல்லி வேண்டாம், பூக்காது. ஓமவல்லி கொடுங்கள், பிள்ளைகளின் சளிக்காவது ஆகும். இடமே இல்லாதவருக்கு வெற்றிலை பாக்கு, தேங்காய், மஞ்சள் போதும். அதில் என்ன குறை?

தம்பி இன்னும் சரி என்று சொல்லவில்லை. நாற்றுக்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்றாம். கொடுத்தவரிடமே பேசி, புங்கனுக்குப் பதில் மல்லியும் எண்ணிக்கையில் குறைவும் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களில் செடி வேண்டுவோர் ஆடி பதினெட்டுக்குள் எனக்குத் தனியாக எழுதுங்கள். இடமும் வெயிலும் எப்படி என்று சேர்த்து எழுதுங்கள். "எதையாவது கொடுங்க டீச்சர்" என்று எழுதுகிறவர்களுக்குத் தேங்காய்தான்.